மரை ஒன்று, பட்டறை முப்பத்திரண்டு: நேட்டோ கேள்வி பதில்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதத் தலைப்பு நேட்டோ, அமெரிக்கா, கனடாவோடு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ராணுவக் கூட்டணி. விமானப்படையில் இருபது வருஷம் தரைப்பணி பார்த்துவிட்டு இப்போது கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காகப் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும் கீழே.

சூலூர், கல்லூரி மாணவி: 2024 ஆகஸ்டில் எங்கள் வீட்டுக்கு மேலே ஜெர்மனி விமானமெல்லாம் பறந்ததுங்க. அப்போ இந்தியாவும் நேட்டோவில் சேர்ந்தாச்சா?

இல்லை அம்மிணி. அது நம் விமானப்படை நடத்திய தரங் சக்தி பயிற்சி. முதல் கட்டம் சூலூரில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் வந்தன. நாலும் நேட்டோ உறுப்பினர்கள்தான், ஆனால் தனித்தனி நாடாக வந்தார்கள், கூட்டணியாக வரவில்லை. நாம் ஆசைப்பட்டாலும் சேர முடியாது. நேட்டோவை உருவாக்கிய 1949 ஒப்பந்தத்தின் 10வது பிரிவுப்படி, புதிதாக அழைக்கப்படுவது ஐரோப்பிய நாடாகத்தான் இருக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை: 6வது பிரிவில் போட்ட எல்லைக்கோட்டின்படி அமெரிக்காவின் ஹவாய் தீவே பாதுகாப்புக்குள் வராது.

பல்லடம், விசைத்தறி உரிமையாளர்: சோவியத் 1991லேயே உடைந்துபோச்சு. எதிரியே இல்லாத கூட்டணி எப்படிங்க நின்றது?

நிற்காமல் போனவையும் உண்டு. பாகிஸ்தான் சேர்ந்திருந்த சீட்டோ என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டணி 1977ல் கலைந்தது. நேட்டோ வேலையை மாற்றிக்கொண்டது. எது ஆபத்து, என்ன செய்வது என்று ஒரு மூலக்கொள்கை ஆவணம் எழுதுவார்கள். 1991, 1999, 2010, 2022 என நாலு முறை புதுப்பித்தாயிற்று. 2010ல் ரஷ்யாவோடு கூட்டு வேண்டும் என்று எழுதினார்கள். 2022ல் அதே ரஷ்யாதான் மிகப்பெரிய நேரடி அச்சுறுத்தல். சீனாவின் பெயர் அப்போதுதான் முதல் முறையாக உள்ளே வந்தது. என்னைக் கேட்டால், காகிதம் எப்போதும் சம்பவத்துக்குப் பின்னால்தான் நடக்கிறது. 2014ல் உக்ரைனின் கிரீமியாவை ரஷ்யா பிடித்தது, பழைய ஆவணம் இன்னும் எட்டு வருஷம் அப்படியே ஓடியது.

சிங்காநல்லூர், பவுண்டரி நடத்துபவர்: 32 நாடு, 32 மாதிரி ஆயுதம். ஒருத்தர் குண்டு இன்னொருத்தர் பீரங்கியில் போகுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நம் ஊரில் பழைய மோட்டாரைப் பிரித்தவர்களுக்குத் தெரியும்: ஒன்றில் அங்குல மரை, ஒன்றில் மில்லிமீட்டர் மரை. போல்ட் உள்ளே போகிற மாதிரி இருக்கும், இரண்டு சுற்று சுற்றியதும் சிக்கிக்கொள்ளும். நேட்டோவின் பாதி வேலை இந்த மரைச் சண்டையைத் தீர்ப்பதுதான். அதற்கென்றே தர ஒப்பந்தங்கள் போடுகிறார்கள். துப்பாக்கித் தோட்டாவுக்கு 5.56 மில்லிமீட்டர், பீரங்கிக்கு 155. எரிபொருளிலும் அப்படித்தான்: எஃப்-34 என்ற ஒரே எண்ணெய், விமானத்துக்கும் ஊற்றலாம், தரையில் ஓடும் டீசல் வண்டிக்கும் ஊற்றலாம். ஒரே டேங்கர் போதும் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஓடுதளத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் எழுதி வைத்தது எல்லாம் கைக்கு வருவதில்லை. போன வருஷம் ஒரு கம்பெனிக்கு 400 புஷ் கடைந்து கொடுத்தேன். டிராயிங் சரி, அளவு சரி. அவர்கள் அளவு சோதிக்கும் கேஜ் வேறு, பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உக்ரைன் போரில் 155 குண்டிலும் அதுதான் நடந்தது. விட்டம் ஒன்றுதான். குண்டை வெடிக்கவைக்கும் பியூஸ், உந்துமருந்து, சுடும் கணக்கு எல்லாம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறியது. எண்ணிக்கையும் போதவில்லை. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வருஷத்தில் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்றது. கெடு முடிந்தபோது பாதியை ஒட்டித்தான் போயிருந்தது. முப்பது வருஷம் ஆர்டர் இல்லாமல் இருந்த பவுண்டரியில் உலையை மூட்டியதும் வார்ப்பு வந்துவிடுமா? ஆளை எங்கே தேடுவது?

ரயிலும் ஒரு சிக்கல். போத்தனூர்–பொள்ளாச்சி லைன் மீட்டர் கேஜாக இருந்தது ஞாபகம் இருக்கும். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றிலும் பழைய ரஷ்ய அகலம், 1520 மில்லிமீட்டர். போலந்தில் 1435. டாங்கியை ரயிலில் ஏற்றி அனுப்பினால் எல்லையில் மாற்றி ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் ரயில் பால்டிகா என்று 1435 அகலத்தில் புது லைன் போடுகிறார்கள்.

ஆனைமலை, தென்னை விவசாயி: எங்கள் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலில் பத்துப் பேர் முறைத்தண்ணி பேசி முடிப்பதற்குள் விடிந்துவிடும். 32 நாடு எப்படிங்க முடிவெடுக்கிறது?

ஓட்டே கிடையாது, அண்ணா. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். வரைவை அனுப்பி ஒரு நேரம் குறிப்பார்கள். அதற்குள் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் நிறைவேறியதாகக் கணக்கு. நம் பழமொழிதான், மௌனம் சம்மதம். வாய் திறக்க ஒருவர் போதும், மடை அடைபட்டுவிடும். பின்லாந்தும் ஸ்வீடனும் 2022 மே மாதம் சேர்ந்தே மனுப் போட்டன. பின்லாந்து 2023 ஏப்ரலில் உள்ளே போனது. ஸ்வீடனைத் துருக்கியும் ஹங்கேரியும் 2024 மார்ச் வரை வாசலில் நிறுத்திவைத்தன.

ஈரோடு, வங்கி ஊழியர்: கம்ப்யூட்டரை முடக்கினால் அதுவும் போர்தானா?

ஆகலாம். 2007ல் எஸ்டோனியாவின் வங்கி, பத்திரிகை, அரசு இணையதளங்கள் தாக்கப்பட்டன. அடுத்த வருஷமே அதன் தலைநகர் தாலினில் இணையப் பாதுகாப்பு மையம் தொடங்கினார்கள். ஒருவரைத் தொட்டால் எல்லோரையும் தொட்ட மாதிரி என்கிற ஒப்பந்தத்தின் 5வது பிரிவு பெரிய இணையத் தாக்குதலுக்கும் பொருந்தலாம் என்று 2014ல் சொன்னார்கள். நிலம், கடல், வானம் என்ற போர்க்களப் பட்டியலில் இணையவெளியை 2016ல் சேர்த்தார்கள், விண்வெளியை 2019ல். அந்த 5வது பிரிவு இதுவரை ஒரே முறைதான் அமலானது, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின். அப்போதும் படை அனுப்பியே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. தேவையென்று தனக்குப் படுவதை ஒவ்வொரு நாடும் செய்யலாம்.

திருப்பூர், ஏற்றுமதிக் கணக்காளர்: செலவு?

2014ல் எல்லோரும் ராணுவச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தை நோக்கிக் கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டார்கள். அன்று அதைத் தொட்டிருந்தவை மூன்றே நாடுகள். 2025ல் ஹேக் மாநாட்டில் 2035க்குள் 5 சதவீதம் என்றார்கள். அதில் 3.5 நேரடி ராணுவச் செலவு, மீதி 1.5 பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு மாதிரியானவை. இந்த 1.5ல் யார் எதை எழுதுவார்கள் என்பது உங்களைப் போன்ற கணக்காளர்களின் கைவண்ணம். ஸ்பெயின் அன்றைக்கே எனக்கு அவ்வளவு தேவைப்படாது என்று சொல்லிவிட்டது.

கவுண்டம்பாளையம், லேத் ஓனர்: சரிங்க, இதில் நமக்கு ஏதாவது ஜாப் வருமா?

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோவையும் ஒன்று. கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும், புதுத் தொழில்களை வளர்க்கும் இன்குபேஷன் மையமும் இருக்கிறது. குண்டின் உலோகக் கூட்டைக் கடைவது நமக்குப் புது வித்தை இல்லை. வெடிமருந்து நிரப்புவது வேறு உலகம், அதற்கு உரிமம் வேண்டும். மெஷின் வாங்க லோன் போடுவதற்கு முன்னால், சரக்கைச் சோதிக்கிறவர் எந்த கேஜ் வைத்துப் பார்ப்பார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் 200 புஷ் இன்னும் மூட்டையில்தான் கிடக்கிறது.