மகளின் ஐஸ் ஸ்கேட்டிங்குக்காக மனையை விற்கலாமா?

கேள்வி: எங்கள் சொந்த ஊர் திருச்சி. 12 வருடமாக குருகிராமில் இருக்கிறோம். பிடித்தம் போகக் கணவருக்குக் கையில் 2.10 லட்சம் வருகிறது. பள்ளி ஆசிரியையான எனக்கு 55,000. வீட்டுக் கடன் தவணை 48,000. வீட்டுச் செலவும் மகளின் இப்போதைய பயிற்சியும் சேர்த்து மாதம் 85,000 ஆகிறது. மகள் 2012 நவம்பரில் பிறந்தவள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் டபுள் ஆக்ஸல் (காற்றில் இரண்டரைச் சுற்று சுழலும் தாவல்) வரை வந்துவிட்டாள். டொரண்டோவில் உள்ள ஒரு பயிற்சியாளர் அவளைப் பார்த்துவிட்டு, வரும் செப்டம்பரிலிருந்து அங்கேயே வந்துவிடச் சொல்கிறார். 2030 குளிர்கால ஒலிம்பிக்கைக் குறி வைப்பதென்றால் இப்போதே போயாக வேண்டும் என்கிறார்கள். தெரிந்த குடும்பத்தில் தங்க வைக்கலாம். பயிற்சியாளர் கட்டணம், ரிங்க் (ஐஸ் தளம்) கட்டணம், பள்ளிக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 33.5 லட்சம் என்று கணவர் கணக்குப் போட்டிருக்கிறார். மியூச்சுவல் ஃபண்டில் 38 லட்சம், எஃப்.டி. 14 லட்சம், பி.பி.எஃப். 16 லட்சம், செல்வமகள் கணக்கில் 9 லட்சம் இருக்கிறது. திருச்சியில் ஒரு மனை, 40 லட்சம் போகும். மனையை விற்கலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: மனையை இப்போது விற்க வேண்டாம், கடனும் வேண்டாம். ஆனால் மகளை டொரண்டோவுக்கு அனுப்புங்கள், கோடைக்கு மட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 2030. சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக உயர்த்தி, 2024-25 சீசன் முதல் 17 ஆக்கிவிட்டது. சீசன் தொடங்கும் ஜூலை 1-க்கு முன்பே 17 முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 17 முடிவது 2029 நவம்பரில். ஆகவே 2029-30 சீசனில் அவள் ஜூனியர்தான். பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியில் 2030 பிப்ரவரியில் நடக்கும் ஒலிம்பிக்கில் அவள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் இறங்க முடியாது. அவளுடைய முதல் சீனியர் சீசன் 2030-31. அடுத்த ஒலிம்பிக் 2034-ல், அப்போது அவளுக்கு 21 வயது.

உங்களை அவசரப்படுத்துவது அந்த ஒரு தேதிதான், அந்தத் தேதி அவளுக்குப் பொருந்தாது. ஆகவே நீங்கள் திட்டமிட வேண்டியது ஓர் ஆண்டுச் செலவை அல்ல, நான்கு ஜூனியர் சீசன்களின் செலவை.

அடுத்து 33.5 லட்சம். கனடிய டாலர் 65 ரூபாய் என்று வைத்து உங்கள் கணவர் கணக்குப் போட்டு, நீங்கள் அனுப்பிய தாளைச் சரிபார்த்தேன். வாரம் 4 மணி நேரத் தனிப்பயிற்சி, மணிக்கு 90 டாலர், 42 வாரம்: 15,120. ரிங்க் நேரம் வாரம் 10 முறை, 15 டாலர் வீதம் 6,300. பள்ளி 17,000. பத்து மாதத் தங்குமிடமும் சாப்பாடும் 13,000. மொத்தம் 51,420 டாலர். கூட்டல் சரி. தாளில் இல்லாதவைதான் பிரச்சினை.

போட்டியில் ஆட வேண்டிய ஷார்ட் புரோகிராம், ஃப்ரீ ஸ்கேட் என்ற இரண்டு ஆட்டங்களுக்கும் நடன அமைப்பு தனிக் கட்டணம்; இசையை வெட்டிக் கோர்ப்பதையும் சேர்த்து 3,000 டாலராவது ஒதுக்குங்கள். இரண்டு ஆடை 1,200. போட்டிகளுக்கு 6,000, இதில் நுழைவுக் கட்டணம் சிறு பகுதிதான். கூட வரும் பயிற்சியாளரின் டிக்கெட், ஹோட்டல், அன்றைய சம்பளத்தை அந்தப் போட்டிக்கு வரும் மாணவர்கள் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். நான்கு பேர் போனால் கால் பங்கு, உங்கள் மகள் மட்டும் போனால் முழுவதும் உங்கள் தலையில். பிசியோவும் ஐஸுக்கு வெளியே செய்யும் உடற்பயிற்சியும் 3,500. காப்பீடு 700, பிளேடு தீட்ட 500.

பூட்ஸும் பிளேடும் 2,000. இதை ஒரு முறைச் செலவு என்று நினைக்காதீர்கள். டபுளிலிருந்து ட்ரிபிளுக்கு, அதாவது மூன்று சுற்றுத் தாவலுக்குப் போகும் பிள்ளை ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் பூட்ஸின் கணுக்கால் பகுதிதான் அடியைத் தாங்குகிறது. சில மாதங்களில் அங்கே ஒரு மடிப்பு விழும். மடிப்பு ஆழமானால் பூட்ஸ் கணுக்காலைப் பிடிக்காது. கால் உள்ளே சாயும், தாவல் தவறும், சுளுக்கு வரும். 13 வயதில் பாதமும் வளர்கிறது. ஆண்டுக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வதுதான் நியாயமான கணக்கு. இருக்கும் பிளேடு நல்ல நிலையில் இருந்து அளவும் பொருந்தினால் அதையே புது பூட்ஸில் பொருத்தலாம், பாதிச் செலவு மிச்சமாகும்.

இவை மட்டும் 16,900 டாலர், அதாவது 11 லட்சம். மகள் இரு முறை வந்து போக, நீங்கள் ஒருவர் இரு முறை போய் வர, விமானத்துக்கு 5.2 லட்சம். ஆக ஆண்டுச் செலவு 50 லட்சத்தை ஒட்டி வருகிறது. கட்டண உயர்வும் ரூபாய் சரிவும் சேர்த்து ஆண்டுக்கு 7 சதவிகிதம் என்று வைத்தால் நான்கு சீசனுக்கு 2.2 கோடி. உங்கள் சொத்து முழுவதும் 1.17 கோடி. மாதம் மிஞ்சும் 1.32 லட்சத்தை நான்கு ஆண்டு அப்படியே சேர்த்தாலும் 63 லட்சம். பி.பி.எஃப். வரை எல்லாவற்றையும் கரைத்தாலும் நான்காவது சீசன் முடியும் முன்பே பணம் தீர்ந்துவிடும். அதுவும் அவள் சீனியராகும் நேரத்தில், பணம் உண்மையில் தேவைப்படும் நேரத்தில்.

டொரண்டோ போய் உயர்ந்தவர்கள் உண்டு. ஜப்பானிய ஸ்கேட்டர் யுசுரு ஹன்யு செண்டாயிலிருந்து டொரண்டோவில் பயிற்சியாளர் பிரையன் ஆர்சரிடம் போனது 2012-ல், 17 வயதில். அதற்குள் ஜூனியர் உலக சாம்பியன், அந்த ஆண்டே சீனியர் உலகப் போட்டியில் வெண்கலம். அதே பயிற்சியாளரிடம் போன தென்கொரியாவின் யுனா கிம்மும் முதலில் ஜூனியர் உலகப் பட்டம் வென்றவர்தான். இடம் மாறியதால் அவர்கள் வளர்ந்தார்கள் என்பது உண்மை. கையில் ஒரு நிலையை வைத்துக்கொண்டுதான் இடம் மாறினார்கள் என்பதும் உண்மை.

'பள்ளிக் கட்டணம் 11 லட்சத்தை மிச்சம் பிடித்து, திறந்தவெளிப் பள்ளியில் இங்கிருந்தே படிக்க வைத்தால்?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அங்கே ஆண்டு முழுவதும் தங்குவதற்கு அடிப்படையே பள்ளிச் சேர்க்கையால் கிடைக்கும் ஸ்டடி பர்மிட் என்ற மாணவர் அனுமதிதான். அதற்குப் பள்ளிக் கட்டணமும் பயணச் செலவும் போக, வாழ்க்கைச் செலவுக்கென 22,895 டாலர் காட்ட வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து கியூபெக் தவிர்த்த மாகாணங்களுக்கு இதுதான் தொகை. 17 வயதுக்குக் கீழ் என்பதால் கனடாவின் குடிமகனோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவரோ ஒருவர் காப்பாளராகக் கையெழுத்திட வேண்டும். 'தெரிந்த குடும்பம்' இதற்குச் சம்மதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சாப்பாடு போடச் சம்மதிப்பது வேறு, சட்டப்படி பொறுப்பேற்பது வேறு.

என் யோசனை இது. வரும் ஜூன் முதல் ஆகஸ்ட் நடு வரை 11 வாரம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குறுகிய பயிற்சிக்கு ஸ்டடி பர்மிட் தேவையில்லை, விசிட்டர் விசாவில் போகலாம். உங்கள் பள்ளிக்கு ஜூன் விடுமுறை என்பதால் முதல் நான்கு வாரம் நீங்கள் கூட இருக்கலாம். கோடையில் போட்டி குறைவு, தலைமைப் பயிற்சியாளர் ஊரில் இருப்பார். புதிய புரோகிராம் அமைப்பதும் புது பூட்ஸைப் பழக்குவதும் அப்போதுதான். செப்டம்பரில் போனால் இலையுதிர்காலம் முழுவதும் அவர் போட்டிகளுக்குப் பறந்துகொண்டிருப்பார், மகள் துணைப் பயிற்சியாளரிடம்தான் நிற்பாள்.

செலவு: வாரம் 5 மணி பயிற்சி 4,950 டாலர், ரிங்க் வாரம் 12 முறை 1,980, மகள் தங்க 3,250, உங்களுக்கு 700, நடன அமைப்பு 3,000, பூட்ஸ் 2,000, காப்பீடும் பிசியோவும் 1,000. திரும்பிய பிறகு ஒன்பது மாதம், மாதம் நான்கு அரை மணி வீடியோ பாடம் 1,620. மொத்தம் 18,500 டாலர், 12 லட்சம். இரண்டு டிக்கெட் 2.6 லட்சம். 14.6 லட்சத்தில் முடிகிறது. உங்கள் ஆண்டு மிச்சம் 15.8 லட்சம். மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் போடும் எஸ்.ஐ.பி. நான்கு ஆண்டு நிற்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் இருக்கும் 38 லட்சம் கலையாமல் வளரும். மீதி மாதங்களில் குருகிராம் ரிங்க் சிறியது என்ற குறைக்கு, பள்ளி விடுமுறைகளில் டேராடூன் ஹிமாத்ரி ரிங்குக்குப் போங்கள். 60-க்கு 30 மீட்டர் முழுத் தளத்தில் புரோகிராமை ஓட்டிப் பார்க்காமல் போட்டிக்குப் போனால் தாவல்களின் இடம் எல்லாம் மாறிப்போகும். பத்தாம் வகுப்பு ஆண்டில் மட்டும் டொரண்டோவை ஆறு வாரமாகக் குறையுங்கள், சி.பி.எஸ்.இ. 75 சதவிகித வருகை கேட்கும்.

பணம் அனுப்பும்போது எங்கே கை சுடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். வழியில் ஒரு பான் எண்ணுக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை டி.சி.எஸ். (வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தம் இல்லை. அதற்கு மேல் கல்விக்கும் மருத்துவத்துக்கும் 2025-26-ல் 5 சதவிகிதம், 2026 ஏப்ரலிலிருந்து 2; மற்றவற்றுக்கு 20. கல்வி என்றால் கல்வி நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணமும், அந்தப் படிப்புக்கான பயணமும் அன்றாடச் செலவும். ரிங்கில் தனிப்பயிற்சி தருபவர் கல்வி நிறுவனம் அல்ல. அவருக்கு அனுப்பும் பணம் 20 சதவிகிதத்தில்தான் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடைத் திட்டத்தில் கணவர் 6 லட்சம், நீங்கள் 6 லட்சம் என்று இரண்டு பான் எண்ணில் பிரித்து அனுப்பினால் ஒரு ரூபாய் பிடித்தம் இல்லை.

பின்னாளில் முழு ஆண்டுக்குப் போகும்போது வரிசை முக்கியம். 10 லட்சம் வரம்பு எல்லா நோக்கங்களுக்கும் பொதுவானது. பள்ளிக் கட்டணத்தை முதலில் அனுப்பி வரம்பைத் தீர்த்துவிட்டால், பின்னால் போகும் பயிற்சிக் கட்டணம் முழுவதற்கும் 20 சதவிகிதம் பிடிப்பார்கள். முடிந்தவரை பயிற்சிக் கட்டணத்தை முதலில் அனுப்புங்கள். ஒருவர் பெயரிலேயே, பள்ளிக்கு முதலில் அனுப்பினால் 5 லட்சத்துக்கு மேல் முடங்கும். இருவராகப் பிரித்து வரிசை மாற்றினால் 2 லட்சத்துக்குள் நிற்கும். இது தொலைந்துபோகும் பணம் அல்ல. உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாக வந்துவிடும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், சம்பளக்காரர்கள் அலுவலகத்திலேயே சொல்லி டி.டி.எஸ்.ஸில் சரிசெய்யலாம். ஆனாலும் கையில் வேண்டிய பணம் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். அனுப்பும் மாதத்தில் விகிதம் மாறியிருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். டாலருக்கு வங்கி சொல்லும் விலையையும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் உங்களுக்கு 18,500 ரூபாய்.

கடன் பற்றி: தனிப்பயிற்சிக்குக் கல்விக் கடன் எதிர்பார்க்காதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கான வரிச் சலுகையும் பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்புக்குத்தான். மிஞ்சுவது வீட்டை அடகு வைத்து வாங்கும் கடன். 15 வருடம் கட்ட வேண்டிய கடனை, முதுகெலும்பில் ஒரு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (தொடர் அழுத்தத்தால் வரும் எலும்பு விரிசல்) வந்தால் ஆறு மாதம் நின்றுபோகக்கூடிய ஒரு விளையாட்டுக்காக வாங்கக் கூடாது. செல்வமகள் கணக்கில் பத்தாம் வகுப்பு முடியும் முன் கை வைக்க முடியாது, நல்லது. எஃப்.டி.யில் 8 லட்சம் வீட்டின் ஆறு மாதச் செலவுக்கு. மீதி 6 லட்சத்தை 'காயம் வந்தால்' என்று தனியாக எழுதி வையுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது போட்டி விளையாட்டுப் பயிற்சியில் படும் காயத்தை விலக்கியிருக்கிறார்களா என்று விலக்குப் பகுதியைப் படியுங்கள். பல பாலிசிகளில் அது விலக்கப்பட்டிருக்கும். அப்படி எடுத்த காப்பீடு இவளுக்குப் பயன்படாது.

டிக்கெட் எடுக்கும் முன் பயிற்சியாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: வாரம் எத்தனை மணி அவரே நிற்பார், அவர் இல்லாத நாளில் யார், அவருக்கு என்ன கட்டணம், நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, காயம் பட்டால் கட்டிய பணம் என்னாகும். மாதா மாதம் பில்லுக்குக் கட்டுங்கள், சீசன் முழுவதற்கும் முன்பணம் வேண்டாம். குருகிராமில் இப்போது சொல்லிக்கொடுப்பவரிடமும் மறைக்காமல் பேசிவிடுங்கள். பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். ஒன்பது மாதம் அவர்தான் அவளைத் தாங்கப்போகிறார், டொரண்டோ பயிற்சியாளரோடு அவர் பேசிக்கொண்டால்தான் கோடையில் கற்றது நிற்கும்.

முழு ஆண்டு இடமாற்றத்தை 2029 கோடையில் மறுபடி எடுத்துப் பாருங்கள். அதற்குள் ட்ரிபிள் தாவல்கள் போட்டியில் நிலைத்து, ஜூனியர் சர்வதேசப் போட்டிகளுக்கு இந்தியா சார்பில் போய் வந்திருந்தால், சீனியராகும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மனைப் பணத்தைக் கொடுப்பது சரியான செலவு. விற்கும்போது நீண்டகால ஆதாய வரி 12.5 சதவிகிதம் போகும், அதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். இப்போதைக்கு அடுத்த முறை திருச்சி போகும்போது வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, பட்டாவில் பெயரும் அளவும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வையுங்கள். விற்க வேண்டிய மாதத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்காது.