படிக்காத வீட்டுப் பிள்ளை படிப்பில் பின்தங்கித்தான் ஆக வேண்டுமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் 18 வருஷமாக டீச்சராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருந்தால் யோசிக்காமல் ‘ஆமாம்’ என்றிருப்பேன்.

1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழு சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்து ஆராய்ந்தது. பள்ளிக்கூட வசதிகளைவிட வீட்டுப் பின்னணிதான் மதிப்பெண்ணில் அதிகம் தெரிகிறது என்று வந்தது. ஆனால் 1983இல் ஹைன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளை ஒப்பிட்டுவிட்டு, ஏழை நாடுகளில் பள்ளியும் ஆசிரியரும்தான் கூடுதலாகக் கணக்கில் வருகிறார்கள் என்றார்கள். “வீடு சரியில்லை, நாம என்ன பண்றது” என்று கையை விரிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

எங்கள் பக்கம் வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் (செட்டியார்) வீடுகளில் அந்தக் காலத்தில் கணக்கு வீட்டிலேயே ஊறிவிடும். பர்மா, மலேயா கடைகளுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது தொழில் பழகும் பையனாகப் போகிறவனுக்கு வட்டிக் கணக்கு மனசிலேயே ஓட வேண்டும். சரி, அது வசதியான வீட்டுக் கதை என்பீர்கள். என் வகுப்பில் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிற வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா கண்ணாடியில் பித்தளை அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவார். காய்ந்த கல்லை இவள் எண்ணுவாள். ‘அடுக்குக்குப் பத்து, பன்னிரண்டு அடுக்கு, நாலு உடைசல்’ என்றால் நான் வாய் மூடுவதற்குள் 116 வந்துவிடும். அதே கணக்கைப் புத்தகத்தில் நாலு வரியாகப் போட்டிருந்தால் முழிப்பாள். அவளுக்கு வராதது கணக்கு இல்லை, வாசிப்பு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதுவரை ‘கணக்கு வராது’ என்றே அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 25இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. எங்கள் பள்ளியில் முதல் பாடவேளையிலேயே தலையைச் சாய்க்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

அதற்கு மேல் பெரிய வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்கிறார்களா என்பதில். பெற்றோர் இரண்டு பேரும் பட்டதாரி, பையன் கையில் மட்டும் எப்போதும் போன், இப்படி ஒரு வீடு உண்டு. இன்னொரு வீட்டில் அப்பா சிங்கப்பூரில், அம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவார். பையனை வளர்ப்பது அப்பத்தா. கைநாட்டு. தினமும் அவனை வாசிக்கச் சொல்லி, வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்பார்.

ஒருநாள் நேராக வகுப்புக்கே வந்துவிட்டார். “டீச்சர், நாலு நாளா இவன் அதே நரிக் கதையத்தான் வாசிக்கிறான். மனப்பாடம் பண்ணிக்கிட்டு என்னை ஏமாத்துறான். வேற பொஸ்தகம் குடுங்க.”

சோதித்துப் பார்த்தேன். மனப்பாடம்தான்.