அழகர்கோவில் வேலியில் சிவப்புத் தலை ஓணான்: இலங்கைக் கொம்போணானா?

இல்லை. நீங்கள் போட்ட படத்தில் இருப்பது நம் ஊர்க் கரட்டாண்டிதான், ஆண். இனப்பெருக்கக் காலத்தில் அதற்குத் தலையும் தொண்டையும் சிவக்கும், தொண்டையின் பக்கவாட்டில் கருந்திட்டு விழும்.

பிடரியில் தொடங்கும் முள்வரிசையைக் கொம்பு என்று நினைத்திருப்பீர்கள். கொம்போணானுக்குக் கொம்பு மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பேரினமே (நெருங்கிய இனங்களின் தொகுதி) உலகில் இலங்கையில் மட்டும்தான் உண்டு: நக்கிள்ஸ் மலைக்காட்டில் ஓர் இனம், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் இன்னொன்று என்று பிரிந்து வாழ்கின்றன. பனியுகத்தில் கடல் மட்டம் இறங்கி ராமேசுவரம், மன்னார் வழியே தரைப்பாதை திறந்தும் அவை இக்கரைக்கு வரவில்லை. நடுவே கிடந்த வறண்ட நிலம் ஈரக்காட்டு உயிர்களுக்குப் பெரும் தடை. கரட்டாண்டி வெயில் தாங்கும். இரு கரையிலும் இருக்கிறது. இந்த வேறுபாடு எனக்கு அலுக்காத அதிசயம்.

உறுதிசெய்ய, காதுச் சவ்வுக்கு மேலே பாருங்கள்.

1. தள்ளித் தள்ளி இரண்டு சிறு முள்கொத்துகள் இருந்தால் கரட்டாண்டி.
2. எட்டு, ஒன்பது முட்கள் தொடர் வரிசையாக இருந்தால் பச்சை ஓணான். அது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உண்டு. ஆகவே அதைப் பார்த்தாலும் தீவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறிவிடும். குட்டிகளுக்கு முட்கள் சிறிது, படத்தில் தெரியாமல் போகலாம். கையால் பிடிக்காமல், காது தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.