ஆப்பிளை அவித்துக் கொடுத்தும் பொட்டாசியம் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று ஒரு வருடமாக மருந்து சாப்பிடுகிறான். இரத்தத்தில் பொட்டாசியம் 5.6 இருக்கிறது, பழத்தைப் பச்சையாகத் தராதீர்கள், வேகவைத்துக் கொடுங்கள் என்றார்கள். ஆப்பிளை இட்லிப் பானையில் அவித்து, கொஞ்சம் வெல்லம் சேர்த்து மசித்துத் தருகிறேன். இரண்டு மாதமாகியும் அளவு இறங்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்? இரத்தம் குறைவாக இருக்கிறதாம், மாதுளைச் சாறு தரலாமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை அம்மா. வேகவைக்கச் சொன்னவர்கள் அந்தத் தண்ணீரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

பொட்டாசியம் சூட்டில் அழியாது, ஆவியாகவும் போகாது. தண்ணீரில் கரையும், அவ்வளவுதான். இட்லிப் பானையில் ஆவிதானே படுகிறது, பழம் மெத்தென்று ஆகும், பொட்டாசியம் ஏறக்குறைய அப்படியே உள்ளே இருக்கும். குக்கரில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு இரண்டு விசில் வைத்து, 'சத்து வீணாகக் கூடாது' என்று அந்தத் தண்ணீரோடேயே மசிப்பவர்களும் உண்டு. மற்ற பிள்ளைகளுக்கு அது நல்ல பழக்கம், உங்கள் பையனுக்கு மட்டும் நேர்மாறு.

இப்படிச் செய்யுங்கள். ஆப்பிளையோ பேரிக்காயையோ தோல் சீவி, நடுக்கொட்டையை எடுத்துவிட்டு, சுண்டுவிரல் நக அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். பெரிய துண்டாக இருந்தால் உள்ளே இருப்பது வெளியே வராது. ஒரு பங்கு பழத்துக்கு ஐந்து பங்காவது தண்ணீர், வாயகன்ற பாத்திரம், மூடி வேண்டாம். கொதி வந்து பத்து நிமிடம் போல வேகட்டும், கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். பிறகு வடிதட்டில் கொட்டி, சோறு வடிப்பதுபோல நன்றாக வடித்துவிட்டு மசியுங்கள். அந்தத் தண்ணீர் பழ வாசனையோடு லேசாக இனிக்கும், கொட்ட மனசு வராது. கொட்டிவிடுங்கள். கஞ்சியிலோ ரசத்திலோ அதைச் சேர்த்தால் செய்த வேலை எல்லாம் வீண். கொதிக்கவைப்பதில் வைட்டமின் சி-யும் போகும் என்பது உண்மை. அதற்கு மருத்துவர் தரும் மருந்து போதும், நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் அந்த வெல்லம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் நிறையவே இருக்கிறது, அதனால் தண்ணீரில் இறக்கியதில் ஒரு பங்கை நீங்களே திரும்பப் போட்டுவிடுகிறீர்கள். வெள்ளைச் சர்க்கரையைச் சிபாரிசு செய்யும் மருத்துவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இந்த ஒரு விஷயத்தில் நான் செய்கிறேன்: அரை டீஸ்பூன் சீனி, ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி. சமையலில் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிப் போடுகிறீர்களா என்றும் பாருங்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியத்தைத்தான் சேர்க்கிறார்கள்.

எந்தப் பழமும் வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 100 கிராம் ஆப்பிளில் பொட்டாசியம் 100 மில்லிகிராம் போல, வாழைப்பழத்தில் 350. நேந்திரத்தை அவித்துக் கொடுத்தாலும் கதை அதேதான். பேரீச்சை, உலர்திராட்சை, பலா, இளநீர் இவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஸ்டார் ஃப்ரூட் என்று விற்கும் நட்சத்திரப் பழம் மட்டும் எந்த வடிவிலும் கூடவே கூடாது. அதில் பொட்டாசியம் தவிர மூளையைப் பாதிக்கும் ஒரு நஞ்சும் உண்டு, சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அது வெளியேறாமல் தங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

மாதுளை வேண்டாம். நிறம் சிவப்பு என்பதற்காக இரத்தம் ஊறாது, அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு, சாறாகப் பிழிந்தால் மூன்று பழத்தின் பொட்டாசியம் ஒரே டம்ளரில் போய்விடும். சிறுநீரகக் கோளாறில் இரத்தம் குறைய முக்கியக் காரணம், இரத்த அணுக்களை உருவாக்கச் சொல்லும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம் போதுமான அளவு சுரக்காததுதான். அதற்கு ஊசி உண்டு, அதைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னும் மூன்றைக் கேட்டு வாருங்கள். பையன் எனாலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மருந்து எடுக்கிறானா? அதுவே பொட்டாசியத்தை ஏற்றும், ஆனால் சிறுநீரகத்துக்குத் தேவைப்பட்டே கொடுத்திருப்பார்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது. இரத்தம் எடுக்கும்போது அழுது புரண்டு, கையை அழுத்திப் பிழிந்து எடுத்தார்களா? குழந்தைகளுக்கு இது அடிக்கடி நடக்கும், இரத்த அணுக்கள் உடைந்து அளவு பொய்யாகக் கூடுதலாக வரும், மறுபடி எடுத்துப் பார்க்கலாம். மலச்சிக்கல் இருக்கிறதா? சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட பொட்டாசியத்தில் கொஞ்சத்தைக் குடல்தான் வெளியே தள்ளுகிறது, மலம் கட்டாமல் போக நார்ச்சத்து வேண்டும், அதனால்தான் பழத்தை அடியோடு நிறுத்தச் சொல்லாமல் வேகவைத்துத் தரச் சொல்கிறோம்.

இதைப் படித்துவிட்டுச் சிறுநீரகக் கோளாறு உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பழத்தைக் கொதிக்கவைக்க வேண்டாம். சில வகைகளில் பொட்டாசியம் குறைந்துபோகும், அவர்களுக்குக் கூடுதலாகவே தர வேண்டியிருக்கும். உங்கள் பையனுக்கு அடுத்த பரிசோதனையை மாதக் கடைசி வரை தள்ளாதீர்கள், இந்த வாரமே எடுங்கள். கை கால் திடீரென்று துவண்டாலோ, நெஞ்சு படபடக்கிறது என்றாலோ, மயங்கினாலோ பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய், 'சிறுநீரகப் பிள்ளை, பொட்டாசியம் கூடியிருக்கலாம், ஈசிஜி எடுங்கள்' என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.