பச்சிளம் குழந்தைப் பிரிவில் மேற்படிப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

டெக்சாஸில் ஒரு மருத்துவமனையின் என்ஐசியுவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) முடித்து வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எங்களுடையது இரண்டாம் நிலைப் பிரிவு. 32 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவோம். நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனர் (பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்து மருந்து எழுதும், மேற்படிப்பு முடித்த நர்ஸ்) ஆக வேண்டும் என்பது என் ஆசை. ஒரு ஆன்லைன் படிப்பில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் மிகவும் நோயுற்ற குழந்தைகளைப் பார்க்கும் மூன்றாம் அல்லது நான்காம் நிலை என்ஐசியுவில் இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தால்தான் கிளினிக்கல் பயிற்சிக்கு (மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி) விடுவோம் என்கிறார்கள். இது வீண் தாமதமாகத் தோன்றுகிறது. எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலை) போதுமா, டி.என்.பி.யே (நர்சிங் முனைவர் பட்டம்) படித்துவிடலாமா என்றும் குழப்பம். வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பட்டம் பற்றிய கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நேஷனல் சர்டிஃபிகேஷன் கார்ப்பரேஷன் நடத்தும், நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனருக்கான சான்றிதழ் தேர்வை எம்.எஸ்.என். முடித்தவரும் எழுதலாம், டி.என்.பி. முடித்தவரும் எழுதலாம். 175 கேள்விகள், 3 மணி நேரம், இருவருக்கும் ஒரே தேர்வுதான். பிற்காலத்தில் பாடம் நடத்தவோ நிர்வாகப் பொறுப்புக்குப் போகவோ எண்ணம் இருந்தால் டி.என்.பி. உதவும். கூடுதல் காலமும் கடனும் இப்போது தாங்காது என்றால் எம்.எஸ்.என். முடித்து வேலையில் சேர்ந்துவிட்டு, அப்புறம் மேலே படித்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு வருட விதியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நான் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

இதுவரை நீங்கள் "குழந்தை சரியில்லை, வந்து பாருங்கள்" என்று கூப்பிடுகிறவர். படிப்பை முடித்தபின் அந்த அழைப்புக்கு ஓடி வருகிறவர். 26 வாரத்தில் பிறந்த, 700 கிராம் எடையுள்ள ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது. வயிறு லேசாக உப்பியிருக்கிறது, நிறம் மங்கியிருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு வழக்கமாக வரும் மூச்சுத் தடையாக இருக்கலாம். மூச்சுக்கு உதவ மூக்கு வழியாக அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் காற்று வயிற்றில் நிறைந்திருக்கலாம். ரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம், குடல் அழுகத் தொடங்கியிருக்கலாம். பாலை நிறுத்துவதா? எக்ஸ்ரே எடுப்பதா? ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு எடுப்பது? அந்தக் குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 60 மில்லிதான். ஒவ்வொரு மில்லியையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கினால் அளவையும் இடைவெளியையும் எடை, கர்ப்பகால வாரம், பிறந்து எத்தனை நாள் என்ற மூன்றையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மருந்துக் கணக்கை வகுப்பில் கற்றுத் தருவார்கள். நேற்றுப் பார்த்த குழந்தை இன்று வேறு மாதிரி இருக்கிறது என்று முதல் பார்வையிலேயே பிடிபடுவது, இப்படிப்பட்ட குழந்தைகளோடு பல இரவுகள் இருந்தவர்களுக்குத்தான் வாய்க்கிறது.

கை வேலையும் அப்படித்தான். தொப்புள் வழியாக ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்புள் கொடியை வெட்டினால் வாய் அகன்ற சிரை ஒன்றும், சுருங்கி வெள்ளையாகத் துருத்தி நிற்கும் தமனிகள் இரண்டும் தெரியும். நுனி வளைந்த மெல்லிய ஃபோர்செப்ஸால் தமனியின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமனுள்ள குழாயை உள்ளே செலுத்த வேண்டும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் தமனி இறுகிக்கொள்ளும், கிழியவும் கிழியும். அந்த நேரம் முழுவதும் இன்குபேட்டர் திறந்திருக்கிறது, குழந்தையின் உடம்பு குளிர்ந்துகொண்டே போகிறது. பெரிய என்ஐசியுவில் பழகிய நர்ஸ் குழாயில் கண் வைத்திருந்தாலும் மானிட்டரில் காது வைத்திருப்பார். அந்தப் பழக்கம் இல்லாத மாணவர் இரண்டையும் ஒரே சமயத்தில் கற்கப் பார்க்கிறார். நான் பயிற்சி கொடுக்கும் மாணவர்களிடம் இந்த வித்தியாசத்தை முதல் வாரத்திலேயே பார்த்துவிட முடிகிறது.

இந்த விதியால் நீங்கள் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. பல பல்கலைக்கழகங்கள் நோய்க்கூறியல், மருந்தியல், உடல் பரிசோதனை போன்ற பாடங்களை வேலை பார்த்துக்கொண்டே முடிக்க விடுகின்றன. கிளினிக்கல் தொடங்கும்போது இரண்டு வருடக் கணக்கு நிறைந்திருந்தால் சரி. அதனால் மூன்றாம் அல்லது நான்காம் நிலைப் பிரிவுக்கு இப்போதே மாறிவிடுங்கள். பிரசவ அறைக்கு ஓடும் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். ரவுண்ட்ஸுக்கு முன்னால் உங்கள் குழந்தைக்கு இன்று என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே எழுதிவைத்து, மருத்துவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆன்லைன் படிப்பு என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம். பாடத்தை வீட்டில் உட்கார்ந்து படிப்பதில் குறை ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது வேறு: பயிற்சி இடத்தையும் பிரசெப்டரையும் (கூட இருந்து பயிற்சி தரும் வழிகாட்டி) யார் ஏற்பாடு செய்வார்கள்? கட்டணத்தை வாங்கிக்கொண்டு, "பிரசெப்டரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று கைவிடும் படிப்புகள் இருக்கின்றன. வேலையும் குடும்பமுமாக இருக்கும் பெண்கள் மருத்துவமனை மருத்துவமனையாக மின்னஞ்சல் அனுப்பிக் கெஞ்சுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பயிற்சி நேரம் குறைந்தது 600 மணி என்பது நெடுநாள் அளவு. நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கான 2022ஆம் ஆண்டு தேசிய நெறிமுறை அதை 750 மணி ஆக்கியது. நீங்கள் சேரப்போகும் இடம் எதைப் பின்பற்றுகிறது என்று கேளுங்கள். அந்த மணிகள் எந்த நிலை என்ஐசியுவில் கழியும் என்றும் கேளுங்கள். குழந்தை பிறந்ததும் மூச்சுக்குழாயில் குழாய் போடாமல் சிபாப்பிலேயே வைத்துப் பார்ப்பது இப்போது பரவலாகிவிட்டது. நுரையீரலுக்கு அது நல்லது, ஆனால் மாணவர்களுக்குக் குழாய் போட்டுப் பழகும் வாய்ப்பு குறைந்துவிட்டது. அதை ஈடுகட்ட, பொம்மையில் செய்து பழகும் சிமுலேஷன் பயிற்சி எவ்வளவு தருகிறார்கள் என்பது முக்கியமான கேள்வி.

கல்லூரி வேறு மாநிலத்தில் இருந்தால், டெக்சாஸில் கிளினிக்கல் செய்ய அதற்கு அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத ஒரு மருத்துவரோடு ஒப்பந்தம் வேண்டும். எப்படியும் நியோநேட்டாலஜிஸ்டுடன் (பச்சிளம் குழந்தை நிபுணர்) ஒரே குழுவில்தான் வேலை என்பதால் இது உங்களுக்குப் பெரிய தடையாக இருக்காது.

முன்பணம் கட்டுவதற்கு முன், அங்கே கடைசி வருடம் படிக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். அவர்கள் பிரசெப்டரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா