நீந்தத் தெரியாதவர் கயாக் ஏறலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "விடுமுறைக்குக் கூட்டாளிமாரோடு கயாக் ஓடப் போகிறோம். மட்டக்களப்பு வாவி என்று சிலரும், பாசிக்குடா என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்கிறார்கள். போதுமா? எங்கே, எந்த நேரத்தில் போவது நல்லது?"

ஜாக்கெட் மட்டும் போதாது. ஆனாலும் நீங்கள் போகலாம்.

ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும். கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏற்றிவிடாது, காற்று இழுத்துக்கொண்டு போனால் கரைக்கும் கொண்டுவராது. முதல் தடவை ஏறுபவர் ஆபத்தில் மாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். அதனால் துடுப்புப் போடப் பழகுவதற்கு முன்னால் விழப் பழகுங்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில், பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்து விழுங்கள். முதல் தடவை மூக்கில் தண்ணீர் ஏறும், பயமும் வரும். இரண்டாவது தடவை கை தானாகவே கயாக்கைத் தேடும். அந்தப் பழக்கம்தான் வேண்டும்: எது நடந்தாலும் கயாக்கை விடக் கூடாது. கரை கிட்டத் தெரிகிறதே என்று அதை விட்டுவிட்டு நீந்தப் போவது நீச்சல்காரருக்கே ஆபத்து.

திரும்ப ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. குப்புறக் கிடக்கும் கயாக்கின் நடுப்பக்கம் வந்து, மேலால் கையை நீட்டி, எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் நிமிரும். பிறகு இருக்கைக்கு நேரே நின்று, இரண்டு கையாலும் பிடித்து, கால்களைத் தண்ணீர் மட்டத்துக்கு உயர்த்தி உதைத்து, வயிறு குறுக்கே கிடக்கும்படி ஏறுங்கள். மீன் மாதிரி அப்படியே கொஞ்சம் கிடந்து மூச்சு வாங்கலாம். அதன் பிறகு புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். வயிறு, இருக்கை, கால் என்ற இந்த வரிசை மாறினால் திரும்பக் கவிழும். பிடித்துவிட ஆளில்லாமல் நீங்களாகவே இரண்டு தடவை ஏறிய பிறகுதான் ஆழத்துக்குப் போக வேண்டும். ஏற முடியவில்லையென்றால் அன்றைக்குக் கால் நிலைக்கும் தண்ணீரிலேயே ஓடுங்கள், அதுவும் நல்ல ஓட்டம்தான்.

இதற்கெல்லாம் மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த கயாக்தான் வசதி. கால் உள்ளே நுழையும் மூடிய வகை கவிழ்ந்தால் தலைகீழாக இருந்துகொண்டு வெளியே வர வேண்டும். முதல் நாளில் அது வேண்டாம்.

ஜாக்கெட் உங்கள் எடைக்குரியதாக இருக்க வேண்டும். எல்லாக் கொளுக்கியையும் பூட்டிவிட்டு, கூட்டாளி ஒருவரைத் தோள் பட்டியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். நாடியைத் தாண்டி முகத்துக்கு ஏறினால் அது தளர்வு, தண்ணீரில் கழன்று போகும். வெக்கை என்று முன்பக்கத்தைத் திறந்துவிட்டு ஓடுபவர்களை அடிக்கடி காணலாம். அவர்கள் போடாததற்குச் சமம்.

இனிக் காற்று. வாவியா பாசிக்குடாவா என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. பாசிக்குடா ஆழம் குறைந்த குடா, வெகுதூரம் நடந்து போகலாம், விழுந்து பழக அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். மே தொடக்கம் ஆகஸ்ட் வரை கடலும் தட்டையாகக் கிடக்கும். ஆனால் அந்த மாதங்களில் வீசும் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரத்தில் அலையை அமர்த்தி வைப்பதும் கயாக்கை வெளியே தள்ளுவதும் அந்த ஒரே காற்றுத்தான். மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் கரையில் நிற்கும்போது அது தெரியாது. கொஞ்சத் தூரம் போனதும் முதுகில் உறைக்கும். நாம் நன்றாகத்தான் ஓடுகிறோம் என்ற நினைப்பு வரும். திரும்பும்போதுதான் எத்தனை தடவை துடுப்புப் போட்டாலும் கரை கிட்ட வராதது விளங்கும். ஆகவே கச்சான் காலத்தில் பாசிக்குடாவில் கால் நிலைக்கும் இடத்தைத் தாண்டாதீர்கள்.

வாவியிலும் காற்று தள்ளும். பகல் ஏற ஏறக் கடற்காற்று எழும்பினால் மேற்கே படுவான்கரைப் பக்கம் தள்ளும், கச்சான் என்றால் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் தள்ளும். எங்கே தள்ளினாலும் அங்கே ஒரு கரை இருக்கிறது, கடலில் அது இல்லை. அதனால் விழுந்து பழகப் பாசிக்குடா, ஓடிப் பார்க்க வாவி என்று நான் சொல்வேன். இரண்டிலும் சூரியன் நன்றாக ஏறியதும் இறங்கி, ஒன்பது மணிக்குள் கரையேறிவிடுங்கள். வாவியில் போகும்போது காற்றுக்கு எதிரே போங்கள். கை களைத்த பிறகு வரும் திரும்பு பயணத்துக்குக் காற்று உதவட்டும்.

வாவியில் சில இடங்கள் உங்களுக்கு இப்போது வேண்டாம். பாலமீன்மடு முகத்துவாரத்தில் வாவித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும், எதிரே அலை அடிக்கும். கல்லடிப் பாலத்துத் தூண்களுக்கு இடையில் நீரோட்டம் வேகமாக இருந்தால் கயாக் தூணில் குறுக்காக ஒட்டிக்கொள்ளும். கண்டல் காட்டோரத்தில் முதலை இருக்கலாம். விடியப்புறமும் மைமலிலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். விழுந்து பழகுவதும் கண்டலுக்குத் தள்ளி, சனம் குளிக்கும் வெட்டையான இடத்தில்தான். அந்தத் துறையில் தோணி விடும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், முதலை கண்ட இடமும் வலை கட்டிய இடமும் அவருக்குத் தெரியும். வலைக் கம்புகளை விலத்தி ஓடுங்கள். வலை அறுந்தால் நட்டம் அவருக்கு.

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை, மாரி வெள்ளம் வாவிக்குள் இறங்கும் காலத்தில், புதியவர் இறங்கவே கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். முதல் முழக்கம் கேட்டதுமே கரையேறுங்கள்.

துடுப்பை இறுக்கிப் பிடிக்காமல், கையால் மட்டும் இழுக்காமல், இடுப்பைத் திருப்பி வலியுங்கள். மற்றது ஓட ஓட வரும். உடுப்புக்கு உடம்போடு ஒட்டிய, கெதியில் காயும் துணி நல்லது. சோலும் சாரியும் காலில் சுற்றும். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், ஜாக்கெட்டில் கட்டிய விசில், தண்ணீர் புகாத பையில் போன் ஆகியவை கட்டாயம். அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119.

வாடகைக்குத் தருபவரிடம் நீந்தத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். கூட யார் வருவார், யாராவது கவிழ்ந்தால் எதில் வந்து தூக்குவீர்கள் என்று கேளுங்கள். "ஒண்டும் நடக்காது" என்பது மட்டுமே பதிலாக வந்தால் காசைக் கொடுக்காமல் வேறிடம் பாருங்கள்.