காயலான் கடை வாங்காதது

வணக்கம் சார்,

நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். இந்த வருஷம் வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைத்தே தீருவது என்று மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கண்ணாடி ஜாடி எல்லாம் ஆன்லைனில் வாங்கினேன். சமையலறையில் இருக்கும் பழைய பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்து வைத்ததும் மாமியார் சண்டைக்கு வந்துவிட்டார். பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைக்கிறவர் அவர். நான் என்ன செய்தாலும் மீன் வாங்கப் போனால் கறுப்பு கவர், பையனுக்கு தினம் ஒரு சிப்ஸ் பாக்கெட், குடிக்க கேன் தண்ணீர். ஒரு பக்கம் குறைத்தால் இன்னொரு பக்கம் வந்துவிடுகிறது. "நீ ஒருத்தி கவர் வாங்கலைன்னா கொடுங்கையூர் குப்பை மேடு குறைஞ்சிடுமா?" என்கிறார் கணவர். கம்பெனிக்காரர்களும் அரசாங்கமும் செய்ய வேண்டியதை நாம் ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? செய்வதென்றால் எதில் ஆரம்பிக்க?

எஸ்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த டப்பாக்களை எடுத்துத் திரும்ப அலமாரியில் வையுங்கள். அவற்றைச் செய்வதற்கான எண்ணெய் பூமியிலிருந்து எப்போதோ வெளியே வந்துவிட்டது. இனி அவை எத்தனை வருஷம் பருப்பும் மிளகாயும் சுமக்கின்றனவோ அத்தனை வருஷமும் லாபம். தூக்கிப் போட்டால் குப்பை லாரியில் ஏறும். அந்த இடத்தை நிரப்ப ஒரு கண்ணாடி ஜாடி, உடையாமல் இருக்க நாலு சுற்று பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு, உங்கள் வாசலுக்கு வரும். சூடான சாம்பாரையும் கொதிக்கிற எண்ணெயையும் அந்த டப்பாக்களில் ஊற்றாமல் இருந்தால் போதும். வருஷக்கணக்காக உழைக்கும் நம் வயர் கூடையும் பிளாஸ்டிக்தான். அதை யாரும் வீட்டைவிட்டு விரட்ட வேண்டியதில்லை.

மூங்கில் பிரஷில் கைப்பிடிதான் மூங்கில், நார் பெரும்பாலும் நைலான். வாங்கியாயிற்று, தேயும்வரை தேயுங்கள். டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிற ஊரில் ஸ்டீல் ஸ்ட்ரா எதற்கு என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த விஷயத்தில் உங்கள் வீட்டில் விவரம் தெரிந்தவர் உங்கள் மாமியார்தான். அவர் பால் கவரைச் சேர்ப்பது சிக்கனத்துக்காக மட்டும் இருக்காது. காயலான் கடையில் அதற்கு விலை உண்டு என்று அவருக்குத் தெரியும். பால் கவர் ஒரே வகைப் பாலித்தீன். கழுவினால் சுத்தமாகிவிடும், எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள், உருக்கி வேறொன்று செய்வார்கள். ஒரே ஒரு திருத்தம் சொல்லலாம்: கவரின் மூலையை முழுசாக வெட்டி எறியாமல், துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். அந்தச் சின்னஞ்சிறு முக்கோணத் துண்டுகளைப் பொறுக்க யாராலும் முடியாது. சிங்க் வழியாகச் சாக்கடைக்கும், அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கும் போய்ச் சேரும்.

பிளாஸ்டிக்கைக் குறைக்க நினைக்கிற யாருக்கும் நான் சொல்வது இதுதான். தெருமுனைக் காயலான் கடையில் பத்து நிமிஷம் நின்று, எதை எடுத்துக்கொள்கிறார், எதைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று பாருங்கள். பாட்டிலுக்கு அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும். அது என்ன வகை பிளாஸ்டிக் என்று சொல்லும், அவ்வளவுதான். யாராவது அதைத் திரும்ப உருக்குவார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் கிடையாது. கடைக்காரர் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. கையால் அமுக்கிப் பார்ப்பார், சத்தத்தைக் கேட்பார், பிரித்துப் போட்டுவிடுவார். தண்ணீர் பாட்டில் வாங்குவார். அது அரைபட்டு பாலியஸ்டர் நாராகவும் மாறும். உடைந்த குடம், பக்கெட், நாற்காலி வாங்குவார். பால் கவர் வாங்குவார். சிப்ஸ் உறை, ஷாம்பு சாஷே, மீன் வாடை அடிக்கும் கவர், சாம்பார் கட்டிக் கொடுத்த கவர், டீ குடித்த பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு, இதில் எதையும் தொடமாட்டார். கொடுங்கையூர் மேட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்களும் இவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள். கடைசியில் அங்கே புதைவதும், தீப்பிடித்துப் புகைவதும், மழைக்காலத்தில் கால்வாயை அடைப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். அவர் வேண்டாம் என்பதை நீங்களும் வேண்டாம் என்று சொல்லப் பழகினால் பாதி வேலை முடிந்தது. மற்றதைப் பற்றி ராத்திரி தூக்கம் கெட யோசிக்கத் தேவையில்லை.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். கேன் தண்ணீருக்காக வருத்தப்படாதீர்கள். வடசென்னையில் குழாயில் வருகிற தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத தெருக்களில் இருப்பவர்களை அதற்காகக் குற்றம் சொல்வது அநியாயம். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இலேயே திறக்கப்பட்டது. நாளைக்கு 10 கோடி லிட்டர் தரும் அளவுக்குக் கட்டியது. அந்தத் தண்ணீர் சுத்தமாக உங்கள் குழாய்வரை வந்து சேர்வது குடிநீர் வாரியத்தின் வேலை, உங்கள் வேலை இல்லை. தவிர, அந்த 20 லிட்டர் கேனைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் தடவை அட்வான்ஸ் கொடுத்து வாங்கினீர்கள். காலியானதும் அது திரும்பிப் போகிறது, நிரம்பி வருகிறது. தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கும் கேனை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் கொடுத்துவிடுவது என்று ஆரம்பித்ததும் இதே கணக்குதான். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நடந்தது என்பது வேறு கதை. ஆனால் கல்யாண வீட்டில் இலைக்கு ஒன்றாக வைக்கும் குட்டி பாட்டிலுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வைத்தாலே ஒரு மூட்டை குப்பை குறையும்.

மீன். காசிமேட்டில் வாங்கினாலும் சரி, தெருவில் கூடையோடு வரும் அம்மாவிடம் வாங்கினாலும் சரி, மூடி போட்ட ஒரு பழைய வாளியோ தூக்கோ கொண்டுபோங்கள். அந்தக் கவர் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பல நிறத்துப் பழைய பிளாஸ்டிக்கை ஒன்றாக உருக்கினால் வருகிற அழுக்கு நிறத்தை மறைக்கக் கறுப்புச் சாயம் போடுகிறார்கள். அதற்கு மேல் அதிலிருந்து வேறெதுவும் செய்ய ஆள் கிடையாது. சாப்பிடுகிற பொருளை அதில் போடாமல் இருப்பது உடம்புக்கும் நல்லது. விற்கிற அம்மாவும் சந்தோஷப்படுவார். கவர் அவருடைய கைக்காசு.

சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேவும் கஷ்டமான விஷயம். பிளாஸ்டிக், அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக் என்று மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த உறை அது. பிரித்து எடுக்கச் செலவு அதிகம். ஒரு கிலோ தேற்றவே சாஷேக்களை ஆயிரக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து விற்கும் வித்தையே நம் கடலூரில் வளர்ந்ததுதான். சின்னி கிருஷ்ணன் என்பவரை அதற்கு முன்னோடி என்பார்கள். பாட்டில் வாங்கக் காசில்லாதவரும் தலைக்கு ஷாம்பு போடலாம் என்று ஆனது நல்ல விஷயம்தான், அதை நான் கிண்டல் செய்யமாட்டேன். பல ஷாம்புகளில் பாட்டிலைவிட சாஷேயில் மில்லிக்கு விலை குறைவு என்பதையும் கணக்கு எழுதுகிறவரான நீங்கள் கவனித்திருப்பீர்கள். விலையை அப்படி வைத்துவிட்டு வாங்குகிறவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. வீட்டுக்குச் சீயக்காய்ப் பொடி ஒத்துவந்தால் அரைத்து வையுங்கள், ஒத்துவராவிட்டால் பாட்டில். பையனுக்கு, சட்டியில் சிப்ஸ் போட்டு எடை போட்டு விற்கும் கடை பக்கத்தில் இருந்தால் டப்பாவோடு அனுப்புங்கள். கண்ணெதிரே வறுத்தது, சூடாக இருக்கும். அவன் ஒத்துக்கொள்ள நாளாகும். பாக்கெட்டில் இருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்று எடைபோட்டுக் காட்டினால் சில பையன்கள் மசிவார்கள்.

பை விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. "மீண்டும் மஞ்சப்பை" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, நல்லதுதான். ஆனால் பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சூடாகும் பூமிக்குச் செய்கிற கெடுதலில் ஒரு சாதாரண கேரி கவரைவிடத் துணிப்பை குறைவாக இருக்க வேண்டுமானால் அதை 131 தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். அதனால் புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். கல்யாண வீடுகளில் வாங்கிவந்த தாம்பூலப் பைகள் உங்கள் பீரோவுக்கு மேல் ஒரு மூட்டை இருக்கும். அது இந்த ஜென்மத்துக்குப் போதும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்தால் துணிப்பை மாதிரி ஒன்று தருவார்களே, அதில் இழை ஓடுகிறதா என்று பாருங்கள். ஊடும் பாவும் இல்லாமல் புள்ளி புள்ளியாக அச்சு குத்தியதுபோல் இருந்தால் அது பாலிப்ரோப்பிலீன், சுத்த பிளாஸ்டிக். நாள்பட்டால் பொடிப்பொடியாக உதிரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. காரக்பூர் ஐஐடிக்காரர்கள் 2020-இல் சோதித்தபோது, அப்படிப்பட்ட கப்பில் 15 நிமிஷம் சூடாக இருந்த 100 மில்லி நீரில் சுமார் 25,000 பிளாஸ்டிக் துணுக்குகள் கலந்திருந்தன. டீக்கடையில் கண்ணாடி கிளாஸில் கேளுங்கள்.

கணவர் கேட்ட கேள்வி நியாயமானது. குறையாது. நீங்கள் ஒருவர் கவர் வாங்காததால் 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த மேட்டில் எதுவும் தெரியப்போவதில்லை. அண்ணா நகர் குப்பையும் அங்கேதான் வருகிறது. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: ரேஷன் கடைக்குப் பை இல்லாமல் போனவர் யாரையாவது பார்த்திருக்கிறாரா? அங்கே கவர் தரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். படித்தவர், படிக்காதவர், மறதிக்காரர், சோம்பேறி, அத்தனை பேரும் பையோடுதான் போய் நிற்கிறார்கள். யாருக்கும் விழிப்புணர்வு வகுப்பு எடுக்கவில்லை. அதே ஆட்கள் பக்கத்துக் காய்கறிக் கடைக்கு வெறுங்கையோடு போகிறார்கள், கவர் கிடைக்கும் என்பதால். ஆறேழு வருஷத் தடைக்குப் பிறகும் கொத்தவால்சாவடிப் பக்கம் கவர் கிலோக்கணக்கில் கிடைக்கிறது. அவ்வப்போது அபராதம் கட்டுவது தள்ளுவண்டிக்காரர், கவர் ஓட்டுகிற மெஷினுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆக, கம்பெனியும் அரசும் செய்ய வேண்டியது பெரிய பங்கு என்று நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே கிடையாது.

அப்படியானால் வீட்டில் ஏன் மெனக்கெட வேண்டும்? எனக்குத் தெரிந்து வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து 2025-இல் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலி நடத்தின. அந்த ஆலை எதைத் தின்னும் என்று யோசியுங்கள். ஈரமான காய்கறிக் கழிவு சுலபத்தில் எரியாது. நன்றாக எரிவது பிளாஸ்டிக், காகிதம், துணி. ஆலையைக் கட்டிவிட்டால் வருஷக்கணக்கில் தினமும் அதற்குத் தீனி போட்டாக வேண்டும். அப்புறம் கவரையும் சாஷேவையும் குறைப்பதில் அதிகாரிகளுக்கு என்ன அக்கறை இருக்கும்? பிவிசி மாதிரி குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்ஸின் என்ற நச்சு வரும். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் என்று எல்லாவற்றையும் சுவாசித்த மக்களுக்கு இது கூடுதல் பங்கு.

அதனால் வீட்டில் செய்கிற வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுப்பது. சாதமும் குழம்பும் படியாத பிளாஸ்டிக்குக்கு விலை இருக்கிறது. பேட்டரி வண்டியில் வருகிற தூய்மைப் பணியாளர் அதைப் பிரித்து விற்று நாலு காசு பார்ப்பார், வெறுங்கையால் அழுகலைக் கிளற வேண்டியதில்லை. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் சும்மா விடாதீர்கள். தொழிலாளியோடு சண்டை வேண்டாம், வண்டியில் தடுப்பு வைத்துத் தராதவர்களிடம் கேளுங்கள். வார்டில் ஏரியா சபை கூடினால் கணவரையும் அழைத்துப்போய் இந்தக் கேள்வியை எழுப்ப வையுங்கள். வீட்டில் கேட்பதைவிட அங்கே கேட்டால் பலன் இருக்கும்.

எதில் ஆரம்பிக்க என்று கேட்டீர்கள். பார்சலில் ஆரம்பியுங்கள். சூடான சாம்பாரும் சால்னாவும் நூல் சுற்றிய கவரில் வருவதுதான் உடம்புக்கும் கெடுதல், காயலான் கடைக்கும் ஆகாது. அதை நிறுத்த ஒரு தூக்கு போதும், யாருடைய அனுமதியும் தேவையில்லை. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கப் போனால் வாழைத்தண்டு சூப்பை அதில் ஊற்றச் சொல்லுங்கள். கவர் என்றால் முடிச்சுப் போட இடம் விட்டு ஊற்றுவார்கள். தூக்கைப் பார்த்தால் இன்னொரு கரண்டி சேர்ந்தே விழும். முட்டை மசாலாவுக்குத் தனியாக ஒரு டப்பா எடுத்துப் போங்கள், சூப்பில் போட்டால் வெங்காயம் ஊறிவிடும்.